ஆம்பூரில் ஒரு கை தண்ணீர்

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆம்பூரில் ரயிலைவிட்டு இறங்கினேன். அரக்கோணத்திலிருந்து நின்றுகொண்டே வந்ததில் கால்கள் மரத்துப்போயிருந்தன. நான் பார்க்க வந்த, புத்த மார்க்கம் தழுவிய தோல் தொழிலாளிகளின் சேரி ஒன்றரை மைலில். ஜட்கா கூலி இரண்டணா. தோல் பதனிடும் கொட்டகைகளைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தினேன். வண்டிக்கார பாய் சிரித்தார்: "தோலு நாறும் சாமி, கூலி நாறாது." அலுப்பிலும் அந்தச் சொல்லை முடிந்துவைத்துக்கொண்டேன்.

சேரி நடுவே ஓலைக்கொட்டகை. உள்ளே மண்ணால் செய்த புத்தர். வாசலில் தண்ணீர்ப் பானை. பக்கத்துக் குடிசையில் எனக்கு இடம் கொடுத்த முனுசாமி தோல் கொட்டகையில் வேலை செய்பவர். நிர்வாணம் பற்றிக் கேட்டேன். அவர் பானையைக் காட்டினார்.

"கோவத்தோட வந்தா மொதல்ல கை கழுவணும், அப்புறம்தான் பேச்சு. தோலு ஊறுற சுண்ணாம்புக் கையோட சோறு துன்னுவமா?"

இதற்காகவா இவ்வளவு தூரம் என்று எனக்குச் சப்பென்றாகிவிட்டது.

ஆறு மணிக்குத் தலையாரி வந்தார். "டேய் முனுசாமி! மணியக்காரர் எருது செத்துப்போச்சு. வந்து தூக்குங்கடா."

செத்த மாட்டைக் கூலியில்லாமல் தூக்குவது இந்தச் சேரியின் தலையில் கட்டிய பழைய வழக்கம். மார்க்கம் மாறியதும் விட்டுவிட்டார்கள். முனுசாமி நிதானமாகக் கை கழுவினார்.

"மாட்டுக்கு நாலு காலுண்ணா. ரெண்டு நீங்க புடிங்க, ரெண்டு நாங்க புடிக்கிறோம்."

"இன்னா பேச்சுடா இது? அவரு கெணத்துலதான் தண்ணி மொள்றீங்க, ஞாபகம் வெச்சுக்க!"

ஞாயிறு காலை ஆறரை. முனுசாமியின் மனைவி எல்லம்மாள் வெறுங்குடத்தோடு திரும்பினாள். கிணற்று வாயை முள் வெட்டிப்போட்டு மூடியிருந்தார்களாம். சேரிக்கு வேறு கிணறு கிடையாது. முனுசாமி கூரை இறவாணத்தில் செருகியிருந்த தோல் சீவும் கத்தியை உருவினார்.

எல்லம்மாள் கொட்டகை வாசலில் மறித்தாள். பானையைச் சாய்த்தாள், அடியில் ஒரு கை தண்ணீர்தான் இருந்தது.

"கழுவு. அப்புறம் போ."

"கொழந்தைக்குக் குடிக்கத் தண்ணியில்ல, கை கழுவச் சொல்றியா?"

"ஊருக்கெல்லாம் சொன்னியே, உனுக்கு இல்லியா?"

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். அவள் ஊற்றினாள். கழுவி முடித்து, முள் தூக்கும் கவைக்கோலை எடுத்தார். சேரியே பின்னால் நடந்தது. நானும் ஒரு கோல் வாங்கிக்கொண்டேன். கிணற்று வாயிலிருந்த முள்ளையெல்லாம் தூக்கி ஒதுக்கினோம். தடுக்க யாரும் வரவில்லை. தலையாரி தூரத்தில் நின்று பார்த்தார். முதல் குடம் கொட்டகைப் பானைக்குப் போனது.

பத்து மணி வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. விரலில் முள் குத்திய இடம் விண்விண்ணென்றது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கிணறு. கோபத்துக்கென்று ஒரு கை தண்ணீர் செலவழித்தவரை அங்கே நான் கண்டதில்லை.