மேற்குச் சரிவு யுகியே

குராரா செடியின் இலையைக் கிள்ளி வாயில் போட்டு, வெற்றிலை மெல்லுவதுபோல் மென்றுகொண்டே பசுக்களை மேட்டில் ஏற்றுவாள் யுகியே. மாடுகூட மூக்கைத் திருப்பிக்கொள்ளும் கசப்பு அது. ஆசோ புல்மலையில் மற்றவர்களுக்கு நுனிநாக்கில் பட்டாலே தலை கிறுகிறுக்கும். மகளைப் பெண் கேட்டு வந்த பையனுக்கும் ஓர் இலை கொடுத்தாள். "துப்பாம மென்னான். அதான் பொண்ணக் குடுத்தேன்" என்பாள். அன்று அவன் பல் பிடுங்க வாய் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு நேராக வந்திருந்தது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாடு தொடாததால்தான் மேய்ச்சலுக்கு நடுவே குராரா தழைத்து நிற்கிறது. அங்குள்ள நீலப் பட்டாம்பூச்சி அதன் மொட்டில்தான் முட்டையிடும். புழுவுக்கும் அந்த மொட்டுதான் சோறு. முட்டையைத் துளைக்கும் பொடிக் குளவிகளை புதுப்புல் முளைக்க ஊரார் ஆண்டுதோறும் மார்ச் மாதம் மலைக்கு வைக்கும் தீ கருக்கிவிடும். கூட்டுப்புழுவோ மண்ணுக்குள் அலுங்காமல் உறங்கும்.

இந்த வருஷம் அந்தத் தீக்கே முட்டுக்கட்டை. தீ வைக்கக் குறித்த ஞாயிறுதோறும் மழை. ஊர்க் கூட்டத்தில் மேய்ச்சல் சங்கத் தலைவர் தகாமியா, "மேற்குச் சரிவை விட்டுடலாம். ஆளாளுக்கு முட்டிவலி, யாரு ஏறுறது?" என்றார்.

"விட்டா முள்ளுக்காடுதான். அப்புறம் மாட்டை மடியில வெச்சு ஊட்டுங்க அண்ணே" என்றாள் யுகியே.

"நீ மாட்டுக்கா பேசுற? உன் நீலப்பூச்சிக்குன்னு ஊருக்கே தெரியும்."

"ஆமா, பூச்சிக்குத்தான். ஒளிச்சு வெச்சா பேசுறேன்?"

கூட்டம் சிரித்தது. யுகியே திரும்பிப் பார்த்தாள். "சிரிக்கத் தெம்பிருக்குல்ல? ஏறவும் இருக்கும்."

புல் காய்ந்ததும் தீ வைக்க ஏறினார்கள். பாதிச் சரிவில் காற்று திசை மாறியது. தகாமியா நின்ற ஓடைப் பக்கம் தீ பாய்ந்தது. முதுகில் தண்ணீர்ப் பையோடு யுகியே குறுக்கே ஓடிப் பீய்ச்சினாள். மற்றவர்கள் வந்து அடித்து அணைப்பதற்குள் அவள் புருவம் இரண்டும் பொசுங்கிவிட்டன. அன்று மாலை கணவர், மகளின் புருவப் பென்சிலைத் தேடி எடுத்து நீட்டினார். "பென்சில் எதுக்குங்க? மலை பூரா கரி கெடக்கு" என்றாள்.

மே கடைசியில் வேலியோரப் புல்லை அறுக்க அவளும் தகாமியாவும் மேற்குச் சரிவுக்குப் போனார்கள். குராரா மொட்டுகளின்மேல் எங்கு பார்த்தாலும் நீலம். அறுப்பு இயந்திரத்தைக் கிளப்பப் போன யுகியே, கைப்பிடியில் ஒரு பட்டாம்பூச்சி ஜோடி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அப்படியே புல்லில் உட்கார்ந்து, காலையிலேயே மதியச் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்து, ஓர் உருண்டையைத் தகாமியாவிடம் நீட்டினாள்.