மந்திரவாதிக்கு முன்னால் நின்றவள்

ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பு படித்த காலத்தில், சனிக்கிழமை டியூஷன் முடிந்ததும் நாங்கள் மூன்று பெண்கள் ஒரு டாக்டர் வீட்டில் கூடுவோம். பதுளை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அவருடைய அரசாங்கக் குவாட்டர்ஸ். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மகளும் நானும் ஒரே வகுப்பு. மற்றவள் வெலிமடையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்த முதலாளியின் மகள். நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அப்பா ஃபக்டரியில் வேலை.

லண்டனில் இருந்த டாக்டரின் தம்பி அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி அனுப்பியிருந்தார். அதற்குள் பலகையோ காயோ கிடையாது. தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றும், நான் அதுவரை கண்டிராத பல முகங்கள் கொண்ட பகடைகளும் இருந்தன. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். "எதிரில் ஒரு குகை. என்ன செய்யிறீங்கள்?" என்று அவர் கேட்பார். செய்வதை நாங்கள் சொல்வோம். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை நடத்தியது டாக்டரின் மகன், என் தோழியின் அண்ணன். ஏ.எல். எழுதிவிட்டு வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்தார்.

முதல் நாளே யார் யார் என்பது முடிவாகிவிட்டது.

"நான் மந்திரவாதி. நீ வாளோட முன்னுக்கு நில்லு" என்றாள் தோழி.

"ஏன், நான் மந்திரவாதியா இருக்கக் கூடாதா?"

"புத்தகத்தில பாதி மந்திரம்தான். எல்லாம் இங்கிலீஷ். உனக்கு வாசிக்க ஏலாதடி. வாள் எண்டால் ரெண்டு பக்கம்தான்."

அவள் சொன்னது உண்மைதான். அதனால் எனக்குக் கோபம்கூட வரவில்லை. வெலிமடைக்காரி காயம் ஆற்றுகிற பூசாரியானாள். நான் வாளை எடுத்துக்கொண்டேன்.

அந்த முதல் மாதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. தொடக்கத்தில் மந்திரவாதி பாவம். நாளுக்கு ஒரே ஒரு மந்திரம். அதைச் சொல்லி முடித்துவிட்டால் கையில் ஒரு தடி மட்டும். ஓரடி பட்டால் ஆள் முடிந்தது. ஒவ்வொரு சண்டையிலும் நான் முன்னால் போய் நின்றேன். அவளுக்கு விழவேண்டிய அடியெல்லாம் எனக்கு விழுந்தது. பூசாரி என் காயத்தை ஆற்றி முடிக்குமுன் அடுத்த சண்டை வந்துவிடும். "நீ இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பன்" என்று தோழி என் தோளில் தட்டுவாள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தத் தட்டலை நினைத்துச் சிரித்துக்கொள்வேன். வகுப்பில் நான் யாருக்கும் அவ்வளவு தேவைப்பட்டதில்லை.

பிறகு அவள் வளர்ந்தாள். நானும் வளர்ந்தேன், ஆனால் என் வளர்ச்சி வாள் வீச்சு கொஞ்சம் குறி தவறாமல் விழுவதோடு நின்றுவிட்டது. அவளோ ஒரு கூட்டத்தையே தூங்கவைத்தாள், பிறகு ஒரு கூட்டத்தையே எரித்தாள். பூட்டிய கதவு அவளுக்குத் திறந்தது. கண்ணுக்குத் தெரியாமல் நடந்தாள். கடைசியில் பறக்கவும் செய்தாள். சண்டை தொடங்கி நான் இரண்டெட்டு வைக்குமுன் எதிரிகள் சாம்பலாகியிருப்பார்கள். நான் வாளை உறையில் போட்டுக்கொண்டு, யாருடைய மூட்டையைத் தூக்கவேண்டும் என்று கேட்பேன்.

ஒரு நாள் கதையில் ஒரு பள்ளம் வந்தது. தோழி பூசாரியைத் தூக்கிக்கொண்டு பறந்துபோய் அந்தப் பக்கம் இறங்கினாள். அதோடு அவளுடைய மந்திரம் தீர்ந்துபோனது.

"நான் ஓடி வந்து தாண்டுறேன்" என்றேன்.

அண்ணன் புத்தகத்தைத் திறக்கவேயில்லை. "ஒரு மனுசனால அவ்வளவு தூரம் பாய ஏலுமோ? நடக்கக்கூடியதைச் சொல்லும்."

"அவ பறக்குறா அண்ணே. அது நடக்கக்கூடியதா?"

"அது மந்திரம். நீர் சாதாரண ஆள்தானே."

சாதாரண ஆளால் என்ன முடியும் என்பதை அவர் தன்னை வைத்து அளந்தார். குவாட்டர்ஸ் படிக்கட்டில் ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். நான் அன்று முழுவதும் பள்ளத்தின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் அவர்கள் கோட்டைக்குள் நுழைந்து புதையல் எடுத்தார்கள். தோழியின் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து, "ஏன் பிள்ளை, நீ விளையாடேல்லையோ?" என்று கேட்டார்.

அண்ணனிடம் நியாயம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். "தொடக்கத்தில மந்திரவாதி பலவீனம், வீரன் பலம். பிறகு அது மாறும். அதுதான் பலன்ஸ்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீரனுக்குரிய காலத்தில் நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்குரிய காலம் வந்தபோது அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. அதற்குப் புத்தகத்தில் எந்த விதியும் இருக்கவில்லை.

அந்தப் பருவமழை முழுக்க நான் இங்கிலீஷ் படித்தேன். மந்திரப் பக்கங்களைப் போட்டோ கொப்பி எடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பசறை பஸ்ஸில் வாசித்தேன். வளைவுகளில் தலை சுற்றும். ஆனாலும் வாசித்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, இனி நான் மந்திரவாதி என்று சொன்னேன்.

"சரி, புதுசாத் தொடங்குவம். நான் வாள் எடுக்கிறன்" என்றாள் தோழி. அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

முதல் சண்டையில் காட்டுப் பாதையில் ஓநாய்கள் வந்தன. என்னிடம் இருந்த ஒரே மந்திரத்தைச் சொன்னேன். எல்லாம் தூங்கிவிழுந்தன, ஒன்றைத் தவிர. அது என்னைப் பார்த்து வந்தது.

"முன்னால வந்து நில்லு" என்றேன்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன, என்ர முறையோ? நான் மரத்தில ஏறுறன்."

"என்னடி சொல்ற? ஒரு கடி தாங்க மாட்டேன் நான்."

"எனக்கு உந்த அடிபடுற வேலை அலுப்படி."

அண்ணன் பகடையை உருட்டினார். என் மந்திரவாதி செத்துப்போனாள். தோழி சிரித்தாள், அதில் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. வெலிமடைக்காரி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "இனி என்ன, பழைய ஆக்களையே எடுப்பம்" என்றார் அண்ணன்.

அடுத்த சனிக்கிழமை நான் பழையபடி வாளோடு போய் உட்கார்ந்தேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் தோட்டத்தில் சனிக்கிழமை மத்தியானத்துக்கு வேறென்ன இருந்தது? அவர்களுக்கு விசா கிடைக்கும்வரை போய்க்கொண்டிருந்தேன். அண்ணன் மட்டுமல்ல, குடும்பமே லண்டன் போகிறது என்பதை அவர்கள் கிளம்புவதற்கு முந்திய வாரம், வீட்டில் பெட்டிகளைக் கண்டபோதுதான் தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. தோட்டப் பாடசாலையில் ஆசிரியர் நியமனம் கிடைத்தது. வருடங்கள் போயின. இரண்டாயிரங்களின் கடைசியில் தோழி கணவனோடும் பிள்ளையோடும் விடுமுறைக்கு வந்தாள். அப்புத்தளையில் தங்கியிருந்த ஹோட்டலுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவளும் அண்ணனும் இன்னமும் அதை விளையாடுகிறார்களாம்.

"இப்ப புதுப் புத்தகம் வந்திருக்கடி. வீரருக்கும் மந்திரவாதி அளவு பலம் குடுத்துட்டாங்கள். எல்லாரும் சமம்."

"நல்லதுதானே" என்றேன்.

"என்னத்தை நல்லது? எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் பிடிக்கேல்ல. எல்லாரும் சமம் எண்டால் பிறகு மந்திரவாதியா இருந்து என்ன பிரயோசனம்? நாங்கள் பழையதையே விளையாடுறம்."

"அப்போ வாள் எடுத்துக்கிட்டு முன்னால நிக்கிறது யாரு?"

"ஆராவது ஒரு புதுப் பிள்ளை வரும்" என்றாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, "இவள் அந்த நேரம் சண்டைக்காரி. வாளைத் தவிர வேறொண்டும் தொடமாட்டாள். அவ்வளவு ஆசை" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

அவர் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது அப்படித்தான் நினைவிருந்தது. நான் மறுத்துப் பேசியிருந்தாலும் அவர்கள் அதை ஒரு விளையாட்டுக் கதையாகத்தான் கேட்டிருப்பார்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன். அவள் வாசல்வரை வந்து கட்டிப்பிடித்தாள். லண்டன் போய்ச் சேர்ந்ததும் போனில் கூப்பிடுவதாகச் சொன்னாள், கூப்பிடவும் செய்தாள். போன் மணி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை.