மூன்றாம் மாடி விண்ணப்பம்

மராத்தி ஊரான கட்கியின் தமிழ்ச் சபையில் எல்லாரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு தனியாக ஓர் ஆமென் வரும். அது எப்சிபாயுடையது. போதகர் அதற்காகக் காத்திருந்துதான் அடுத்த பாட்டை அறிவிப்பார்.

பாவம், அவள் என்ன செய்வாள்! விமான் நகர் ஹோட்டல் ஒன்றில் மூன்றாம் மாடி முழுக்க அவள் பொறுப்பு. ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். விரிப்பில் ஒரு சுருக்கம், கண்ணாடியில் ஒரு விரல் ரேகை, எதுவும் அவளிடம் தப்பாது. இருபது வருஷமாகக் கண்ணை அப்படிப் பழக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சும்மா இரு என்றால் அது கேட்குமா? ஜெபத்துக்குத் தலை குனிந்ததுமே மனசு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் லீலாபாய் ஏன் இன்னும் பக்கத்தில் ஓராள் இடம் விட்டே உட்காருகிறாள்? பின்னால் இருமுவது யார், போன வாரமும் இதே இருமல்தானே? கீபோர்டு வாசிக்கிறவர் சட்டையில் இஸ்திரியே இல்லையே, வீட்டில் என்ன கஷ்டமோ? இப்படி ஊரெல்லாம் சுற்றிவிட்டு அவள் திரும்பி வரும்போது ஆமென் முடிந்திருக்கும்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். பீடத்து விரிப்பு அரை இஞ்ச் கோணலாக இருந்தது, போச்சு. முழங்காலில் நின்றாள், நினைப்பெல்லாம் முழங்காலுக்குப் போனது. வாயில் ஏலக்காய் அடக்கினால் மனசு அடங்கும் என்று யாரோ சொன்னார்கள். அடக்கினாள். பாயசம் ஞாபகம் வந்தது.

கணவர் கிருபாகரன் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆனவர். பொழுது போகாதபோதெல்லாம் அவளைச் சீண்டுவார். "நீ அவரை அடிக்கடி ஹோல்டுல போட்டுட்டுப் போயிருத. ஒரு நா ஆண்டவரே லைன கட் பண்ணிருவாரு பாரு."

எப்சிபாய் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு ஜெபமாவது முழுசா அவரு முன்னாடியே நின்னு பண்ணணும்ங்க. இத்தன வயசுக்கு ஒண்ணுகூடப் பண்ணலயோன்னு பயமா இருக்கு" என்றாள்.

இந்த லட்சணத்தில்தான் மாதர் ஞாயிறு வந்தது. அன்று ஆராதனை முழுவதையும் பெண்களே நடத்துவார்கள். பெண்கள் சங்கச் செயலாளர் ரீனா, பொது விண்ணப்ப ஜெபத்தை எப்சிபாய் தலையில் கட்டினாள். வேறு வேலையா இல்லை அந்தப் பெண்ணுக்கு!

"டென்ஷன் மத் லோ ஆன்ட்டி, கவலையே படாதீங்க. எல்லாரோட பிரேயர் சீட்டும் வாங்கி நான் பக்கா லிஸ்ட் எழுதித் தரேன். நீங்க ஜஸ்ட் படிச்சா போதும்."

எழுதியும் தந்தாள். நாலாக மடித்த வெள்ளைத் தாள். சனிக்கிழமை ஹோட்டலில், துவைத்த விரிப்புகள் அடுக்கும் அறையில் ஒளிந்து நின்று எப்சிபாய் அதை ஏழு தடவை படித்தாள். எங்கும் தடுக்கவில்லை.

ஞாயிறு காலை பீடத்தின் முன் நின்று கைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பரம பிதாவே, இந்தத் தேவைகளை உம்முடைய சமுகத்தில் வைக்கிறோம். முந்நூற்று இரண்டு. கூடுதல் தலையணை."

யாரோ பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். அவள் கையில் இருந்தது மூன்றாம் மாடியின் வேலைப் பட்டியல். ரீனாவின் தாள், அதேபோல் நாலாக மடித்தபடி, ஹோட்டல் லாக்கரில் யூனிபார்ம் பைக்குள் சுகமாக இருந்தது.

வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அதை அடக்கக் கண்ணை இறுக மூடினாள். மூடியதும் மூன்றாம் மாடியின் அந்த நீள வராந்தா தெரிந்தது. சரி, வந்தது வரட்டும்.

"ஆமா ஆண்டவரே, முந்நூத்தி ரெண்டுல இருக்கவரு முதுகுவலின்னு நாலு தலையணை கேக்காரு. அவரைத் தொடும்."

முதல் பெஞ்சில் களுக்கென்று சிரிப்பு. பின் பெஞ்சில் கிருபாகரன் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்தார். எப்சிபாய் காதில் எதுவும் விழவில்லை.

"முந்நூத்தி ஏழுல கைப்பிள்ளையோட ஒரு மக வந்திருக்கா. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. ஒரு மணி நேரமாவது அவளத் தூங்க வையும். முந்நூத்தி நாலுல மூணு நாளா தொந்தரவு செய்யாதீங்கன்னு பலகை தொங்குது. டிவி சத்தம் மட்டும் கேக்கு. அவரு யாருன்னு எனக்குத் தெரியாது. நான் தட்டுனா தொறக்க மாட்டாரு. நீரே தட்டும் ஆண்டவரே."

சிரிப்பு நின்றுவிட்டது. விண்ணப்பம் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி கட்கிக்கு வந்தது. "பக்கத்துல எடம் விட்டே உக்காருத தங்கச்சிக்கு அந்த எடத்துல நீர் வந்து இரும். போன வாரத்துலருந்து இருமுதவங்களுக்குச் சொகந் தாரும். சட்டைக்கு இஸ்திரி போட நேரமில்லாம ஓடி வந்து எங்களுக்காக வாசிக்கிற தம்பி வீட்டையும் நினையும்." இத்தனை வருஷம் மனசு சுற்றித் திரிந்து பொறுக்கி வைத்தது ஒன்று பாக்கியில்லாமல் வந்து விழுந்தது. எவ்வளவு நேரம் ஆனதோ, அவளுக்கே தெரியாது.

"இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்."

பதிலே இல்லை. கெடுத்துவிட்டோமோ என்று பயந்து ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். ஒரு தலைகூட நிமிரவில்லை. போதகரும் குனிந்தே இருந்தார். லீலாபாயின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் தான் எங்கும் போகவில்லை, ஆண்டவர் முன்னாலேயே நின்றிருக்கிறோம் என்பது அப்போதுதான் எப்சிபாய்க்கு உறைத்தது. சந்தோஷம் தாங்காமல் பீடத்தின் முன்னாலேயே, வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

பின் பெஞ்சிலிருந்து, நனைந்த கைக்குட்டையை மடித்தபடி, கிருபாகரன் தனியாக ஓர் ஆமென் சொன்னார்.