சங்கிலிமுத்து நின்ற இடம்

சோலையம்மாளுக்குக் கோபம் வர நேரம் காலம் கிடையாது. தாயில்பட்டியில் அவள் வாய்க்குப் பயந்து தெரு மாறிப் போகிறவர்கள் உண்டு. ஆனால் 2006 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, திருத்தங்கல் பஸ்ஸில் ஒரு கையில் சுருட்டிய காலண்டரும் மறு கையில் புருஷனின் மணிக்கட்டுமாக அவள் உட்கார்ந்திருந்தாளே, அது வேறு கோபம். வழி நெடுக ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை.

புருஷன் பெயர் சங்கிலிமுத்து. அறுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் தாயில்பட்டி கபடிக் குழுவுக்குக் கேப்டன். அவர் பாடிப் போனால் பிடித்த கை வழுக்கும். தோற்ற ஊர்க்காரர்கள், உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு வருகிறான் என்று பஞ்சாயத்து வைத்திருக்கிறார்கள். பிறகு முப்பது வருடம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கினார். மூன்று வருடங்களுக்கு முன் பக்கத்து அறை வெடித்து, கூட வேலை பார்த்த மூன்று பேர் போய்விட்டார்கள். இவருக்கு ஒரு கீறல் இல்லை. பேச்சுதான் நின்றுவிட்டது.

சோறு வைத்தால் சாப்பிடுவார், கேட்டால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். குறி சொல்லும் கோடாங்கி திருநீறு கொடுத்தார். ஆலைக்காரர்கள் ஒரு பை நிறைய ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்ப எட்டிப் பார்க்கவில்லை. சோலையம்மாள் எல்லோரையும் திட்டினாள், புருஷனையும் சேர்த்து.

வழி கண்டுபிடித்தவன் நாத்தனார் மகன் பாலகுரு. திருத்தங்கலில் லட்சுமிகாந்தம் என்பவரின் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் காலண்டர் டிசைன் செய்கிறவன். மாமா வீட்டுத் தகரப்பெட்டியில் கிடந்த பழைய கபடிக் குழுப் படத்தை ஸ்கேன் செய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அச்சகம் ஓடாத நேரத்தில், மாமாவையும் குழுவில் மிச்சமிருந்த அய்யாதுரை, முனியசாமி இரண்டு பேரையும் கூட்டிவந்து திரை முன் உட்கார வைத்தான். சுண்டுவிரல் நகம் அளவு இருந்த முகங்கள் திரை நிறைய வந்து நின்றன.

அய்யாதுரை நெஞ்சை நிமிர்த்தினார். "எம். புதுப்பட்டி ஆட்டத்துல கடைசிப் பிடி நாந்தான் பிடிச்சேன்."

"பொய் சொல்லாதலே," என்றார் சங்கிலிமுத்து. "நீ அப்ப அவுட்டாகி வெளிய உக்காந்திருந்த."

மூன்று வருடத்தில் அதுதான் முதல் பேச்சு. கூட வந்து கதவோரம் நின்ற சோலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடிக்கும் முன்பே, "எங்கிட்டப் பேச மட்டும் இம்புட்டு நாளா வாய் வலிச்சுச்சோ?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அதன் பிறகு ஞாயிறு தவறினாலும் அவர்கள் தவறவில்லை. வீடு வீடாகப் போய்ப் பாலகுரு வேறு படங்களும் தேடி எடுத்து வந்தான். கிழவர்கள் மூன்று பேரும் யார் பிடி, யார் கோடு மிதித்தது என்று கத்திச் சண்டை போட்டார்கள். வீட்டில் சங்கிலிமுத்து குழம்பில் புளி போதவில்லை என்று குறை சொன்னார். சோலையம்மாளுக்கு அது கேட்கக் கேட்க இனித்தது.

அதில்தான் மண் விழுந்தது. லட்சுமிகாந்தம் ஒருநாள் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தார். அச்சகத்துக்கு ஐம்பதாவது வருடம், காலண்டரில் அதை நிறுவிய அப்பா பலவேசத்தின் படம் வர வேண்டும். அப்பாவுக்கும் விளையாட்டில் ஆசை உண்டாம். கபடிக் களத்தை ஒட்டிச் சைக்கிளில் போனதைத் தவிர பலவேசம் ஆடிய ஆட்டம் ஒன்றும் கிடையாது. நடுவில் நிற்கிற கேப்டன் தலையை எடுத்துவிட்டு அப்பா தலையை வை என்றார் மகன். அந்த ஊர் அச்சகங்களில் தலை மாற்றுவது தினப்படி வேலை. போன வருடக் காலண்டரில் வந்த லட்சுமிக்கு இந்த வருடம் வேறு முகம் வைப்பார்கள், சாமியே கேட்பதில்லை. ஆர்டர் என்று நினைத்துப் பாலகுருவும் அரைமணி நேரத்தில் முடித்துக் கொடுத்தான். மாமாவை அவன் நினைக்கவே இல்லை என்பதைத்தான் சோலையம்மாளால் பொறுக்க முடியவில்லை.

காலண்டர் தாயில்பட்டி டீக்கடைக்கும் வந்தது. சங்கிலிமுத்து தான் நின்ற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, "நான் அந்த ஆட்டத்துல இல்லையோ, சோலை?" என்றார். அதற்குப் பிறகு பதினோரு நாள் பேச்சில்லை.

அந்தத் திங்கட்கிழமை, அச்சகத்தில் லட்சுமிகாந்தத்தின் மேஜை மேல் காலண்டரை விரித்துப் போட்டாள் சோலையம்மாள்.

"ஏம்மா, வருசம் முடிஞ்சா குப்பைக்குப் போற தாளு. இதுக்குப் போயா?"

"உங்களுக்குத்தான் தாளு. உங்கப்பா தலைய எம் புருசன் உடம்புல ஒட்டி வச்சிருக்கீகளே, வெக்கமா இல்லையா?" அவள் சங்கிலிமுத்துவின் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினாள். "தளும்பப் பாருங்க. படத்துலயும் பாருங்க. இந்தக் காலு உங்கப்பாவுக்கு எங்கருந்து வந்துச்சு?"

இரண்டு தழும்பும் ஒன்றுதான். மெஷின் ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். லட்சுமிகாந்தம் குரலை இறக்கினார்.

"சரிம்மா, கோவப்படாதீக. அடுத்து அடிக்கிறதுல இவரையும் சேத்துருவோம். பாலகுரு, ஓரத்துல எடம் கெடக்குல்ல? நிப்பாட்டிரு."

பாலகுரு தலையை ஆட்டினான்.

"கபடிக்கு ஏழு பேருதான்," என்றார் சங்கிலிமுத்து.

எல்லோரும் திரும்பினார்கள். பெரியவர் காலண்டரில் பலவேசத்தின் முகத்தில் விரலை வைத்தார்.

"எட்டாவது ஆளுக்குக் களத்துல என்ன சோலி? உங்கய்யாவ வெளிய போகச் சொல்லுங்க." பிறகு மருமகனைப் பார்த்தார். "ஏலே, நீதான வெட்டுன?"

"ஆமா மாமா," என்றான் பாலகுரு.

ஊர் திரும்பும் பஸ்ஸில் சங்கிலிமுத்து பேச்சை நிறுத்தவில்லை. முதலாளியை ஏசினார், மருமகனை ஏசினார். பஸ் ஒரு பட்டாசு ஆலையின் கேட்டைத் தாண்டியபோது, வெடியில் செத்த மூன்று பேரையும், ஊர்க்காவலன், முனியராஜ், பொன்மணி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சீசன் அவசரத்தில் மருந்தை அளவுக்கு மேல் அள்ளிப் போடச் சொன்ன மேனேஜர் பெயரையும் சொன்னார். மூன்று வருடமாக யாரும் அவரிடம் கேட்காத பெயர். பஸ் முழுக்கக் கேட்டது.

கண்டக்டர் வந்தார். "பெரியவரே, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"நீ டிக்கெட்டக் கிளிய்யா," என்றாள் சோலையம்மாள். "அவுக பேசட்டும்."