விலை போகாத நிருபர்

நெப்ராஸ்காவில் எங்கள் மாட்டு ஏலக் கொட்டகையில் மைக் பிடித்து ஏலம் விடுபவர் மெர்ல் வொண்ட்ராசெக். ஏலக் களத்தின் கதவைத் திறந்து மூடுவது என் வேலை. மெர்ல் ஊறிப்போன ரிபப்ளிகன் கட்சிக்காரர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், மற்ற நாளெல்லாம் டிவிப் பெட்டியோடு சண்டை. ஆனால் மாட்டுக்கு ஒரு குறை இருந்தால் விலை கேட்பதற்கு முன்பே மைக்கில் சொல்லிவிடுவார், சொந்த மாடாக இருந்தாலும் சரி.

போன இடைக்காலத் தேர்தலின்போது வின்ஸ்லோ என்ற டிவி நிருபர் வந்தான். தேர்தல் வந்தால்தான் எங்கள் ஞாபகம் வரும் அந்தக் கூட்டத்துக்கு. குடியேறிகளைப் பற்றி மெர்லிடம் கேட்டான்.

"குறுக்கு வழியில வர்றவங்கள திருப்பி அனுப்பணும். வரிசையில நின்னு வந்த என் மருமகன் எஃப்ரைன் மாதிரி ஆளுக்கு என் மேஜையில எப்பவும் இடம் உண்டு" என்றார் மெர்ல்.

டிவியில் வந்தது "திருப்பி அனுப்பணும்" மட்டும்தான், அதுவும் கையில் மாடு ஓட்டும் தடியோடு. ஒமாஹாவில் எஃப்ரைனோடு குடும்பம் நடத்தும் மகள் ஜோலின் அதைப் பார்த்தாள். அதோடு அவள் வருவது நின்றது. போன் செய்தாலும் எடுப்பதில்லை. குடும்பமே கூடிச் சாப்பிடும் நன்றித் திருநாளில் வான்கோழியை மெர்ல் தனியாக அறுத்துத் தின்றார். அந்த வின்ஸ்லோவை நான் மன்னிக்கவே இல்லை.

இந்த நவம்பர் தேர்தலுக்கு அவன் மறுபடி வருவதாகச் செய்தி வந்தது.

"வரட்டும்டா. இந்தத் தடவ நேரலையாம், வெட்ட முடியாது. எஃப்ரைனப் பத்தி சொன்னத முழுசா சொல்லிடுறேன். ஜோலின் காதுல விழட்டும்" என்றார் மெர்ல்.

மாடுகள் பின்னால் தெரியவேண்டும் என்று வின்ஸ்லோ களத்துக்குள்ளேயே, மாடுகளை விற்கும் இடத்தில், போய் நின்றான். கேமராவைப் பார்த்து, "கோபத்தில் கொதிக்கும் கிராமம் இது" என்று ஆரம்பித்தான். மேலே மேடையில் மெர்லுக்கு முகம் சிவந்தது. மைக்கை எடுத்தார்.

"அடுத்து வருது டை கட்டின காளை! குறைய மொதல்லயே சொல்லிடுறேன். வலது கண்ணு சுத்தமா தெரியாது. எதப் போட்டாலும் பாதிய முழுங்கிடும், பாதியத் துப்பிடும். ஆயிரம் டாலர், யாரு? ஐநூறு? நூறு? அட, ஒரு டாலருக்குக் கூடவா ஆளில்ல?"

கொட்டகை சிரித்துக் குலுங்கியது. ஒரு கையும் எழவில்லை. எல்லாத் தேர்தலிலும் மெர்லோடு மல்லுக்கட்டும் டெமாக்ரட் கட்சிக்காரி லொரெட்டாகூட இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"மெர்ல், நேரலையில இருக்கோம்ங்க" என்றான் வின்ஸ்லோ.

"தெரியும் தம்பி, நல்லாத் தெரியும். போணியாகல! ஓட்டிட்டுப் போங்கப்பா!"

ஏலச் சுத்தியலைத் தட்டினார். மாடு போகும் கதவை நான் அகலத் திறந்தேன். பளபளவென்றிருந்த பூட்ஸ் சாணியில் புதைய அவன் போனான். என் ஆயுசில் அத்தனை ஆசையாக அந்தக் கதவைத் திறந்ததில்லை.

வீட்டுக்குப் போகும்போது மெர்ல் வண்டியை ஓட்டிக்கொண்டே சிரித்தார். "அவன் மூஞ்சியப் பாத்தியாடா?"

"பாத்தேண்ணே. எஃப்ரைன் விஷயத்த எப்பச் சொன்னீங்க? எனக்குக் கேக்கவே இல்லையே."

சிரிப்பு நின்றது. வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார்.

"இந்தத் தடவ யாருமே வெட்டலையேடா" என்றார்.