கடைசிக் கோட்டை இழுத்தவர்

ஆபீசில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். சுகாதாரத் துறையின் வரைபட அறையில் உட்கார்ந்து அவர் இழுக்கும் கோடு மயிரிழை பிசகாது. கல்யாணப் போட்டோவைச் சுவரில் மாட்ட அரைநாள் எடுத்துக்கொண்ட மனிதர். எந்த வயதுக்கு எவ்வளவு எடை வேண்டும் என்று காட்ட, குழந்தைகளின் எடை அட்டையில் வளைந்து ஏறும் கோடுகளை அச்சுக்கு வரைந்து கொடுத்தவரும் அவர்தான். எங்கோ வசதியான ஊரொன்றில் புட்டிப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளை எடைபோட்டு யாரோ உண்டாக்கிய பழைய கோடுகள் அவை. இவர் வேலை பிரதியெடுப்பது.

ஒரு நாள் அந்த அட்டையோடு மனைவி கிளினிக்கிலிருந்து திரும்பினாள். மகளின் எடைப் புள்ளி கடைசிக் கோட்டுக்கும் கீழே கிடந்தது. தாய்ப்பால் போதாது, புட்டியும் டானிக்கும் கொடு என்று நர்ஸ் சொல்லியனுப்பியிருந்தாள். மகளோ செருப்பைக் கடித்தபடி வீட்டை வலம் வந்துகொண்டிருந்தாள்.

"உங்க கையால போட்ட கோடுதானே இது? வீட்ல ஒரு புள்ள இருக்கேன்னு ஒரு நூல் இறக்கிப் போட்டா குடியா முழுகிடும்?"

கை மட்டும்தான் தன்னுடையது, கோடு தன்னுடையதல்ல என்று விளக்கினார். விளக்கம் சரியாக இருந்தது, அதனால் எடுபடவில்லை. மறுநாளிலிருந்து குழந்தை கட்டிலுக்கு அடியிலும் தாய் புட்டியோடு கட்டிலுக்கு வெளியிலுமாகக் குடித்தனம் நடந்தது. கடைசியில் இரண்டு பேரும் அழுதார்கள்.

அந்தச் சமயத்தில்தான் புது அட்டைக்கு உத்தரவு வந்தது. தாய்ப்பால் குடித்து நன்றாக வளரும் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் எடைபோட்டு, புள்ளிவிவர டாக்டரம்மா புள்ளிகளைக் குறித்து அனுப்பியிருந்தார். வளையும் ரப்பர் ஸ்கேலை அவற்றின்மேல் படியவைத்துக் கோடு இழுப்பது இவர் பாடு. கடைசிக் கோடு மகளின் வயதுக்கு நேராக வந்ததும் கை நின்றது. பாசத்தில் இறக்கிவிடுவோமோ என்று பயம். அந்தப் பயத்தில் ஸ்கேலை ஒரு நூல் மேலே தள்ளி இழுத்துவிட்டு, அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"புள்ளியெல்லாம் கீழ நிக்குது, கோடு மட்டும் ஏன் சார் மாடியேறுது?"

இவர் தலை குனிந்தபடி மகள் கதையைச் சொன்னார்.

"அப்போ, உங்க புள்ளைக்குச் சலுகை காட்டக் கூடாதுன்னு ஊர்ப் புள்ளைங்க வாயிலெல்லாம் புட்டியத் திணிக்கப் பாத்தீங்களா? நல்ல நியாயம் சார். அழிச்சிட்டுப் புள்ளி மேலயே போடுங்க."

போட்டார். மகளின் எடை கோட்டுக்குச் சற்று மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

புது அட்டை கிளினிக்குக்கு வந்ததும் அதே நர்ஸ், குழந்தை நன்றாகத்தான் வளர்கிறது, டானிக்கெல்லாம் வேண்டாம் என்றாள். மனைவி வீட்டுக்கு வந்து புட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றினாள். இரவு பரிமாறும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"கடைசில எனக்காக இறக்கிட்டீங்க, இல்ல?"

மறுக்கத்தான் வாயைத் திறந்தார். அவள் அவரை அப்படிப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. திறந்த வாயை வீணாக்காமல் ஒரு கவளத்தை உள்ளே தள்ளிக்கொண்டார்.