மாமாவைப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போனது

பெரிய ஆஸ்பத்திரியில் மாமாவை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். மாமா என்றால் என் வீட்டுக்காரருடைய அப்பா. வயிற்றில் கட்டி. இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை, கேட்டதைக் கொடுங்கள், ஆசைப்பட்டதைச் செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். என் வீட்டுக்காரர் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். தலையாட்டியது அவர், செய்ய வேண்டியது நான். மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அறுபதுகளின் ஆரம்பம் அது. எட்டயபுரத்துக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர் எங்களுடையது. காட்டில் பருத்தி வெடித்துக் கிடந்தது. பொழுது விடியுமுன் கஞ்சி காய்ச்சி, மாமாவைத் துடைத்து, துணி மாற்றி, அலசிப் போட்டு, அதன் பிறகு பருத்தி எடுக்கப் போக வேண்டும். மத்தியானம் ஓடிவந்து மறுபடியும் அதே வேலை. உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவேன். சோற்றுக் கையோடு தூங்கியதும் உண்டு. எனக்கு அலுத்துப் போயிருந்தது. மருமகள் இப்படிச் சொல்லக் கூடாது என்பார்கள், சொல்கிறவர்கள் வந்து ஒரு நாள் துணி அலசிப் பார்க்கட்டும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெண் மூத்தவள், மூன்றாவது படித்தாள். பையன் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. "சத்தம் போடாதீங்க, தாத்தா தூங்குதாவ" என்று நாள் முழுக்க அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். முன்பெல்லாம் மாமாவின் முதுகில் ஏறி மிதித்த பிள்ளைகள்தான். ஆனால் உடம்பு வற்றி, கண் உள்ளே போய், வலி வந்தால் அவர் முனகும் முனகலைக் கேட்டதிலிருந்து அந்த அறைப் பக்கமே போகமாட்டார்கள். தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தனுப்பினால் வாசற்படியில் வைத்துவிட்டு ஓடி வருவார்கள். ஒருநாள் மாமா பையனைக் கை நீட்டிக் கூப்பிட்டார். அவன் வீல் என்று கத்திக்கொண்டு வந்து என் சேலைக்குள் புகுந்துகொண்டான்.

அன்றைக்கு மாமா கஞ்சி குடிக்கவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "தாயி, நாஞ் செத்தா இதுகதான நெய்ப்பந்தம் பிடிக்கணும்?"

எங்கள் பக்கத்தில் தாத்தா இறந்தால் பேரன் பேத்திகள் நெய்யில் நனைத்த பந்தத்தைக் கொளுத்திக் கையில் பிடித்து உடலைச் சுற்றி வருவார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது ஒரு மரியாதை.

"இப்ப எதுக்கு மாமா அந்தப் பேச்சு?" என்றேன்.

"பேசித்தான் ஆகணும். உசுரோட இருக்கையிலயே என்னயப் பாத்து ஓடுதுக. அன்னைக்கும் பந்தத்தப் போட்டுட்டு இப்படிக் கத்திக்கிட்டு ஓடுச்சுகன்னா ஊரு சிரிக்கும். பேயப் பாத்த மாதிரி பேரப்புள்ளைக ஓடுச்சுகன்னு எம் பேரச் சொல்லும்போதெல்லாம் சொல்லுவாங்க. எனக்கு அது வேண்டாம் தாயி. புள்ளைகளுக்கு எம்மேல இருக்க பயம் தெளியணும். நீதான் ஏதாவது செய்யணும்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுதார் என்று நினைக்கிறேன். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இருக்கிற வேலையோடு இது வேறு.

படுத்துக் கிடக்கிற மனிதரைப் பார்த்துத்தானே பயம், வெளியில் வைத்துப் பார்த்தால் தெளியலாம் என்று எனக்குத் தோன்றியது. மாட்டு வண்டி எங்களிடமே இருந்தது. வெயில் ஏறுமுன் போய் வருவது என்று முதலில் எங்கள் காட்டுக்கே கூட்டிப்போனோம். மாமா வண்டியில் சாய்ந்தபடி பருத்தியைப் பார்த்தார். பிள்ளைகள் காட்டின் அடுத்த கோடியில் போய் நின்றார்கள். பிறகு ஒரு நாள் ரயில் பார்க்க ரயில்வே கேட்டுப் பக்கம் போனோம். ரயில் வந்தது, பிள்ளைகள் குதித்தார்கள், கை ஆட்டினார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேரும் வண்டியின் முன்பலகையில் அவர்கள் அப்பாவோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின்னால் மாமா தனியாகக் கிடந்தார். குலுங்கிய குலுக்கலில் அவருக்கு வலி கண்டு இரண்டு நாள் நான் கண்மூடவில்லை. போதுமடா சாமி என்றிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோவில்பட்டியில் பொருட்காட்சி போட்டார்கள். பருத்தி விற்றவர்கள் கையில் காசு புழங்குகிற நேரமாகப் பார்த்து வருவார்கள். ராட்டினம், மரணக்கிணறு, மாயக்கண்ணாடி எல்லாம் வந்திருக்கிறது என்று ஊரே பேசியது. பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்தார்கள். மாமா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "நானும் வாரேன்."

"இந்த உடம்ப வச்சுக்கிட்டா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேற உடம்புக்கு நான் எங்கலே போவேன்?" என்றார் மாமா.

ஏற்பாடெல்லாம் என் தலையில்தான். எங்கள் கரிசல் பக்கம் நெல் வைக்கோலுக்கு எங்கே போவது? சோளத்தட்டையைப் போட்டால் குத்தும். விலை போகாத கறைப் பருத்தியைச் சாக்குகளில் தளர்வாக அடைத்து வண்டி முழுவதும் பரப்பினேன். அதன்மேல் மாமியாருடைய பழைய சேலைகளை மடித்துப் போட்டேன். தூக்குச்சட்டியில் கஞ்சி, வலி மாத்திரை, மாற்றுத்துணி, தண்ணீர்ப் பானை. பொருட்காட்சியில் சாயங்காலம்தான் ஆட்களை விடுவார்கள், கூட்டம் சேருமுன் முதல் ஆளாகப் போய்விட வேண்டும். திரும்பும்போது இருட்டில் பள்ளம் மேடு தெரியாது என்பதால், நாங்கள் பருத்தி போடுகிற கமிஷன் கடை அண்ணாச்சியின் கொட்டகையில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புவது. அந்தக் கடைக்காரர் ஒரு முஸ்லிம். "நோயாளிய வச்சுக்கிட்டுக் கேக்கணுமா? வந்து படுங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டார். கல்யாண வீட்டுக்குக்கூட நான் இவ்வளவு யோசித்ததில்லை.

போன இடத்தில் ராட்சத ராட்டினத்தை மாமா அண்ணாந்து பார்த்தார். அதில் ஏற்ற எனக்குத் தைரியமில்லை. பக்கத்தில் மரக்குதிரைகள் தொங்குகிற குடைராட்டினம் இருந்தது. அதில் பெரியவர்கள் உட்கார ஒரு பெட்டியும் இருந்தது. ராட்டினக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். கையாலேயே மெல்லத் தள்ளிவிட்டு, கூடவே நடந்து வந்தார். பிள்ளைகள் குதிரையில், மாமா பின்னால் பெட்டியில். பையன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "ஏலே, ஒங் குதிரைய வேகமா ஓட்டு, நான் பிடிச்சிருவேன்" என்றார் மாமா. பையன் குதிரையின் வயிற்றில் உதைத்தான். சிரிக்கவில்லை, ஆனாலும் உதைத்தான்.

மாயக்கண்ணாடிக் கூடாரத்துக்கு என் வீட்டுக்காரர் மாமாவைத் தூக்கிக்கொண்டே போனார். ஒரு கண்ணாடியில் என் வீட்டுக்காரர் பூசணிக்காய் மாதிரி தெரிந்தார். இன்னொன்றில் நான் கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, மாமாவை விட மோசமாக இருந்தேன். அது கண்ணாடியின் கோளாறா நிஜமாகவே அப்படி ஆகிவிட்டேனா என்று எனக்குக் கொஞ்ச நேரம் சந்தேகமாகத்தான் இருந்தது. மூன்றாவது கண்ணாடியில் மாமா கொழுகொழுவென்று கன்னம் உப்பித் தெரிந்தார். பெண் அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா பழைய மாதிரி ஆயிட்டாவ!" என்று கத்திச் சிரித்தாள். மாமா அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நாக்கைத் துருத்தினார். பிள்ளைகளும் துருத்தினார்கள். ஆனால் வெளியே வந்து நிஜ மாமாவைப் பார்த்ததும் பையன் என் விரலைப் பிடித்துக்கொண்டான். இவ்வளவு பாடுபட்டும் இதுதானா என்று எனக்கு அழுகையே வந்தது.

மறுநாள் காலையில் கிளம்பினோம். மாமா களைத்துப்போய் மாத்திரை போட்ட மயக்கத்தில் தூங்கிவிட்டார். வெயில் ஏற ஏறப் புழுதி பறந்தது. மூக்கில் வாயில் புழுதி போகக்கூடாதே என்று துவைத்த வெள்ளை வேட்டியை எடுத்து அவர் தலைமுதல் கால்வரை மூடிவிட்டேன். பள்ளத்தில் வண்டி குலுங்கக் கூடாது என்பதற்காக என் வீட்டுக்காரர் இறங்கி, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்த தலையோடு முன்னால் நடந்தார். நான் மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி தூங்கி வழிந்தேன். கொண்டை அவிழ்ந்து தலைமுடி கலைந்து கிடந்தது எனக்கே தெரியாது.

மாமாவை நாங்கள் எங்கே கூட்டிப்போனோம் என்று ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. சாகப்போகிற மனிதரை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போகிறார்கள் என்று பேசுவார்களே என்று பயம். ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம் என்று அவர்களாக நினைத்திருக்கிறார்கள். இப்போது வண்டி வருகிறது. மகன் தலை குனிந்து முன்னால் நடக்கிறான், மருமகள் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்கிறாள், நடுவில் வெள்ளை வேட்டி போர்த்திய உடம்பு. ஊர் வேறு என்னதான் நினைக்கும்?

முதலில் பார்த்தது என் மதினி, மாமாவின் மகள். ஊருக்குள்தான் கட்டிக்கொடுத்திருந்தது. எந்தச் சாவு வீட்டிலும் அவள் குரல்தான் தனியாகக் கேட்கும். "என்னப் பெத்த அய்யா, எங்கள விட்டுட்டுப் போயிட்டீகளே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் எல்லோரும். நான் திடுக்கிட்டு விழித்தேன். மாமா போய்விட்டாரோ, நான்தான் தூங்கிவிட்டேனோ?

பையன்தான் வண்டிக்குள் எழுந்து நின்றான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினான்: "சத்தம் போடாதீங்க! தாத்தா தூங்குதாவ!"

வேட்டி அசைந்தது. மாமா அதை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். "ஏட்டி, ஒங்கப்பன எடுக்கதுக்கு அவ்வளவு அவசரமா? ராட்டினம் சுத்திட்டு வாரேன், கொஞ்சம் பொறுங்கட்டி" என்றார். மதினி அழுத வாயை மூடவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்றாள். பிள்ளைகள் இரண்டு பேரும் பருத்தி மூட்டையில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். சிரித்த வாக்கில் பையன் மாமாவின் மடியில் போய் விழுந்தான். அவர் எலும்புக் கையை அவன் முதுகில் வைத்தார். அவன் அதைத் தட்டிவிடவில்லை.

அன்றோடு பயம் போய்விட்டது. பயம் போனதோடு அவர்களுக்கு ஒரு விளையாட்டும் கிடைத்தது. மாமா வேட்டியை முகத்தில் மூடிக்கொண்டு படுப்பார். பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து மதினியைப் போலவே மாரடித்து அழுவார்கள். அழுகை உச்சத்துக்குப் போனதும் மாமா எழுந்து ஒரு வசவு வைவார். உடனே மூன்று பேரும் சிரிப்பார்கள். விளக்குமாற்றில் துணியைச் சுற்றிக் கட்டி நெய்ப்பந்தம்கூடப் பிடித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல நாளும் அதுவுமாக வீட்டில் ஒப்பாரியா என்று கத்துவேன். "விடு தாயி, பழகட்டும்" என்பார் மாமா. வலி கூடிய நாட்களில் எழுந்து உட்கார முடியாமல், படுத்தபடியே ஒரு கண்ணை மட்டும் திறந்து வைவார். அதற்கும் அவர்கள் சிரித்தார்கள். அவர்கள் அந்த அறையில் இருந்த நேரத்தில்தான் நான் கொஞ்சம் தலை சாய்த்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, கஞ்சியோடு போனேன், மாமா போயிருந்தார்.

வாசலில் பெஞ்சு போட்டுக் குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். அதே மாதிரி வெள்ளை வேட்டி. மதினி இந்த முறை மெய்யாகவே அழுதாள். குரல் கட்டி அடைத்துப் போயிருந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பந்தத்தைக் கையில் கொடுத்தார்கள். பெண்ணுக்குப் புரிந்துவிட்டது, தேம்பிக்கொண்டே சுற்றி வந்தாள். பையன் அழவில்லை. பந்தத்தை நேராகப் பிடித்துக்கொண்டு மாமாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சுற்றினான். சுற்றி முடிந்தும் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றான். "தாத்தா மேல எம்புட்டுப் பிரியம், பயமே இல்லாம நிக்கான் பாருங்க" என்றார்கள். மாமா ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்தது.

தூக்குகிற நேரம் வந்தது. அவன் மெல்ல என் பக்கம் வந்து சேலையை இழுத்தான். குனிந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற முகத்தோடு என் காதுக்குள் கேட்டான்:

"எல்லாரும் நல்லா அழுதுட்டாங்கம்மா. தாத்தா ஏன் இன்னும் எந்திச்சு வையல?"

அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஏதாவது சொல்லியாக வேண்டும். அத்தனை மாதமாகச் சொல்லிப் பழகிய வாய், "சத்தம் போடாதே" என்றது. மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.